துறையும் பட்டறையும்: திருக்கோணமலை மாவட்டத்து உணவுச் சேமிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருக்கோணமலையின் வரலாறு பெரும்பாலும் கடலிலிருந்து நோக்கி எழுதப்பட்ட வரலாறாகும். 1620இல் டேனியர் வந்தமை, 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தமை, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியமை, 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றியமை, 1782 என்ற ஓராண்டினுள்ளேயே அது முதலில் ஆங்கிலேயர் கைக்கும் பின்னர் பிரெஞ்சுத் தளபதி சவ்ரனின் கைக்கும் மாறியமை, 1795இல் பிரித்தானியர் நிலைகொண்டமை, 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை, 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமை என நாம் பாடநூல்களிற் படிப்பன யாவும் துறைமுகத்தின் வாயிலில் நிகழ்ந்தனவே. இவ்வரலாற்றிலே கப்பல்களுக்குப் பெயர் உண்டு. பீரங்கிகளுக்கு எண்ணிக்கை உண்டு. துறைக்குப் பின்னே கிடக்கும் ஊர்கள் மட்டும் பெயரளவிலேயே வந்து போகின்றன.

இவ்விடத்தில் ஓர் எளிய வினா எழுகின்றது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றுடன் மாரி பொழியும். மகாவலியின் கிளைகள் பெருகி வழிகள் அடைபடும். கடல் கொந்தளிக்கத் தோணிகள் கரையேற்றப்பட்டுக் கிடக்கும். பெரும்போக வயலிலோ நெல் இன்னும் பயிராகவே நிற்கும். அக்காலத்தில் மூதூரிலும் சம்பூரிலும், தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும், குச்சவெளியிலும் திரியாயிலும் வாழ்ந்த ஒரு குடும்பம் எதனை உண்டு உயிர்வாழ்ந்தது? இதற்குரிய விடை ஆவணி, புரட்டாதி மாதங்களில் அக்குடும்பம் வளவினுள்ளே செய்து முடித்த வேலையிலே தங்கியிருந்தது. அவ்வேலையின் வரலாற்றை ஓரளவிற்கேனும் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துறையிலிருந்து பார்த்தவர்கள் இந்நிலத்தைத் தரிசு என்று எழுதினர். அவர்கள் கண்ணிற் படாத சேமிப்பிலேயே இந்நிலத்து மக்கள் வாழ்ந்தனர். கண்ணிற் படாதது பின்னர் சட்டத்தின் கணக்கிலும் இல்லாதுபோயிற்று என்பதே எமது துணிபு.

முதலில் காலநிலையைக் கூறவேண்டும். திருக்கோணமலையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஐப்பசி முதல் தை வரையான நான்கு மாதங்களில் விழுந்துவிடும். சித்திரைக்குப் பின்னர் வானம் வெளுத்து, வைகாசி தொடக்கம் கச்சான் காற்று வீசத் தொடங்கும். மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள மலைகளில் மழையை இறக்கிவிட்டு, ஈரம் வற்றிய வெங்காற்றாக இப்பக்கம் இறங்கி வருவது அது. புல் கருகும்; களப்புகள் ஓரத்தில் வெளுத்து உப்புப் பூக்கும்; குளங்களில் சேறு வெடிக்கும். வெளியூரவருக்கு இது வறட்சி. உள்ளூரவருக்கோ இதுவே உலர்த்தும் காலம். மழைக்கு முன் எதனை உலர்த்த முடியுமோ அதனை உலர்த்திவிட வேண்டும். கச்சான் நின்று முதல் மழை விழும்வரை உள்ள அச்சில வாரங்களிலே வளவு முழுவதும் ஒரு பெரிய முற்றமாகிவிடும்.

1803ஆம் ஆண்டில் தமது இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட பிரித்தானியப் படை அதிகாரி றொபேட் பேர்சிவல், திருக்கோணமலையைச் சூழ்ந்த நாட்டை மலையும் காடும் நிறைந்தது, பயிரிடப்படாதது, வளங்குன்றியது, தோற்றத்திற் காட்டுத்தன்மையது என்ற கருத்துப்பட வருணித்துள்ளார். கோட்டை மதிலில் நின்று நோக்கும் ஒருவனுக்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. கோட்டையைச் சூழ்ந்த நிலம் பாறையும் பற்றைக்காடுமாகவே இருந்தது. ஆயினும் அவருக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், 1786இல், ஒல்லாந்த அதிகாரியான வன் சென்டன் உள்ளூர்ப் பற்றுக்களுக்குச் சென்று நாட்குறிப்பொன்று எழுதினார். கொட்டியாரம், கட்டுக்குளம், தம்பலகாமம் என்னும் பற்றுக்களின் ஊர்களையும் குளங்களையும் வயல்களையும் கண்டு எழுதிய அவருடைய குறிப்பில், பாழடைந்தவற்றோடு வாழ்ந்துகொண்டிருந்தனவும் இடம்பெறுகின்றன. நடந்து சென்றவர் கண்டதும் மதிலில் நின்றவர் கண்டதும் ஒன்றாக இருத்தல் இயலாது.

நிலத்திலிருந்து நோக்கிய ஆவணம் எம்மிடையே முற்றாக இல்லாமலில்லை. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு அத்தகையது. குளக்கோட்டன் பற்றிய ஐதீகத்தை ஒருபுறம் வைத்து அந்நூலைப் படித்தால், கோயிலுக்கு எவ்வூரார் எதனைக் கொடுக்க வேண்டும், எந்நிலம் எத்தொழிலுக்கு உரியது என்ற ஒழுங்கு அதிற் புலப்படும். கோயிற் களஞ்சியத்துக்கு நெல்லும் எண்ணெயும் ஆண்டுதோறும் போய்ச்சேர வேண்டுமாயின், அவற்றை முன்னரே சேமித்துவைத்த வீடுகள் இருந்திருத்தல் வேண்டும். கந்தளாய்க் குளத்து நீரும் தம்பலகாம வயலும் கோயிலும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அச்சங்கிலியிற் காணப்படாத கண்ணி வீட்டுப் பட்டறையாகும்.

பட்டறை என்பது இங்கு நெல் இட்டுவைக்கும் கூட்டைக் குறிக்கும். சிறுபோகத்து நெல் ஆவணியிலும் புரட்டாதியிலும் அறுவடையாகும். அரிந்த கதிரைக் கட்டாகக் கட்டிச் சூடாக அடுக்கி, எருமைகளை வளைத்துவிட்டுச் சூடு மிதிப்பர். களத்திலே நெல்லுக்குப் பெயர் பொலி. அங்கே பேசும் சொற்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. குறைவைச் சுட்டும் சொற்களை வாயில் எடுக்கமாட்டார்கள். கச்சான் காற்றிலே தூற்றிய நெல்லை வீட்டுக்குக் கொணர்ந்து பாயிலும் சாணம் மெழுகிய முற்றத்திலும் மீண்டும் காயவைப்பர். காய்ந்த பதத்தை அறியும் கருவி பல். ஒரு மணியைக் கடித்தால் அது நசியாமல் ஓசையுடன் முறிய வேண்டும். ஓராண்டளவு வைத்திருக்கும் நெல்லில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதின்மூன்றளவில் அல்லது அதனிலுங் குறைவாக இருத்தல் வேண்டும் என இன்றைய வேளாண்மையியலாளர் கூறுவர். அதற்கு மேற்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; அந்தும் வண்டும் பெருகும். பல்லாற் கடித்துப் பார்த்த மூதாட்டிக்கு நூற்றுவீதம் தெரியாது. முறியும் ஓசை தெரியும்.

பட்டறையின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கற்களின்மேல் அல்லது மரக்கட்டைகளின்மேல் தளம் உயர்த்தி, வரிச்சுத்தடிகளைப் பின்னிச் சுவராக்கி, மண்ணும் சாணமும் குழைத்து உள்ளும் புறமும் பூசி, மேலே ஓலைக்கூரை இடுவர். தளம் உயர்ந்திருப்பதாற் கறையானும் நிலத்தீரமும் எட்டா. மண்சுவர் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். மாரியில் வெளிக்காற்று எவ்வளவு நனைந்திருந்தாலும் உள்ளே நெல் விரைவில் ஈரம் ஏற்காது. நெல்லின் இடையே வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவர். சிலர் சாம்பல் தூவுவர். விதைநெல்லை வேறாக, நன்கு வைக்கோல் பொதிந்து கட்டி வைப்பர். அதில் உண்பதற்குக் கை வைத்தல் ஒரு குடும்பத்தின் இறுதி நிலை.

உண்ணும் நெல்லிற் பெரும்பகுதி புழுக்கப்படும். ஊறவைத்து அவித்துப் பின் உலர்த்துவதால், தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுள் இறங்குகின்றது, மணியும் இறுகுகின்றது. தீட்டிய பச்சையரிசியை நாளாந்த உணவாகக் கொண்ட ஆசிய நாடுகள் பலவற்றிற் பெரிபெரி என்னும் நோய் பரவியபோது, புழுங்கலரிசி உண்டோர் அதற்குப் பெரும்பாலும் தப்பியிருந்தமையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மருத்துவர்கள் கண்டறிந்தனர். புழுக்குதல் பெண்களின் வேலை. விடியுமுன் அடுப்பேற்றி, வெயில் ஏறுமுன் பரவி, மழைமுகில் கண்டால் அள்ளி, மீண்டும் பரவி என நாளொன்று முழுவதும் பிடிக்கும் அவ்வேலைக்கு எந்த அரசாங்க அறிக்கையிலும் ஒரு நிரல் ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. விளைச்சலை எண்ணினர்; விளைச்சலை உணவாக்கிக் காத்தவர்களை எண்ணவில்லை.

இனிக் கடலுக்கு வருவோம். கிழக்குக் கடல் சித்திரை முதல் புரட்டாதி வரை அமைதியாக இருக்கும். அக்காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய கரைகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் திருக்கோணமலைக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். உள்ளூர்த் தமிழ், முஸ்லிம் மீனவரும் வந்தவர்களும் ஒரே கரையில் வெவ்வேறு பாடுகளில் வலை வளைத்தனர். இடையிடையே பிணக்குகளும் எழுந்தன. கரைவலை ஒரே இழுப்பில் கொண்டுவரும் மீனை அன்றே உண்டுமுடிக்கவோ விற்றுமுடிக்கவோ இயலாது. பனிக்கட்டி வருமுன் அதற்கிருந்த ஒரே வழி கருவாடு. நெத்தலி போன்ற சிறுமீனை உப்பின்றியே மணலிற் பரவிக் காயவைக்கலாம். ஒரு நாள் வெயிலும் காற்றும் போதும். பாரை, சுறா, திருக்கை முதலியவற்றைக் கீறிக் குடல் நீக்கி, கீறலின் ஆழம்வரை உப்பேற்றி, ஓரிரவு அடுக்கிவைத்து, ஊறிய நீரை வடித்துக் கடல்நீரில் அலசி, பந்தலில் உலர்த்துவர். உப்பு மீனிலுள்ள நீரை வெளியேற்றி, எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்கள் பயன்படுத்த முடியாதவாறு பிணித்துவிடுகின்றது. உப்புக் குறைந்தாற் புழு. ஈரம் மிஞ்சினாற் செந்நிறம் படரும் பழுது. இவ்விரண்டுக்குமிடையே கருவாடு போடுபவரின் கைப்பக்குவம் நிற்கின்றது.

நெய்தல் நிலத்து மகளிர் மீன் உணக்கிப் புள் ஓப்பும் செயல் சங்க இலக்கியத்திற் பலவிடத்தும் வருவதை நாம் அறிவோம். உப்புக்கு நெல்லைப் பெற்றுத் திரும்பும் படகு பட்டினப்பாலையிற் காட்டப்படுகின்றது. இலக்கிய வகுப்பிலே திணைமயக்கம் என்று படித்துவிட்டுப் போகும் இப்பண்டமாற்று, கொட்டியாரக்குடாவின் இரு கரைகளிலும் அண்மைக்காலம்வரை நாளாந்த உண்மையாக இருந்தது. வயலூரான் நெல்லைக் கொடுத்துக் கருவாட்டைக் கொண்டான். கரையூரான் கருவாட்டைக் கொடுத்து நெல்லைக் கொண்டான். இரு பட்டறைகளும் நிறைந்தால்தான் மாரி கடக்கும்.

இப்பண்டமாற்றுக்கு நடுவே அரசு வந்து அமர்ந்த இடம் உப்பு. ஒல்லாந்தர் உப்பைத் தம் தனியுரிமையாக வைத்திருந்தனர். பிரித்தானியரும் அதனையே தொடர்ந்தனர். நிலாவெளியில் உப்பளம் இருந்தது. களப்போரங்களில் ஆவணி வெயிலில் உப்புத் தானாகவும் விளைந்தது. ஆயினும் தானாக விளைந்ததை அள்ளுவது குற்றமாகக் கருதப்பட்டது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃபின் நாட்குறிப்புகளைப் படிப்போர், ஒரு மாவட்ட நிருவாகம் உப்பைச் சேர்ப்பதிலும் காப்பதிலும் எவ்வளவு காலத்தைச் செலவிட்டதென்பதைக் காண்பர். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன் பதனிடும் முற்றங்களை அமைத்துக் குறைந்த விலைக்கு உப்பு வழங்க நேர்ந்ததும், உப்பின் விலை உயர்ந்தால் மீன் அழுகும் என்ற உண்மையை அரசே ஒப்புக்கொண்டமையாலாகும். 1930இல் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் அள்ளிய ஒரு பிடி உப்பை நாம் அரசியற் சின்னமாகவே போற்றுகின்றோம். கடற்கரை வீடொன்றில் அவ்வொரு பிடி, மார்கழியின் ஒரு வேளைக் கறி.

வயலும் கடலும் தந்தவை போக, பனையும் காடும் தந்தவை உள. ஆவணியிலும் புரட்டாதியிலும் பனம்பழம் விழும். கட்டைபறிச்சான், சம்பூர்ப் பக்கத்திலும் வடக்கே கட்டுக்குளப்பற்றிலும் பனைவளம் உண்டு. பழத்தைத் தோலுரித்துப் பிசைந்து எடுத்த களியைப் பந்தலின்மேல் விரித்த பாயிலே மெல்லிதாகப் பூசி, அது காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுநாள் மற்றொன்று என இரண்டு வாரமளவு அடுக்கிக்கொண்டு போவர். இறுதியில் தோல்போல் உரித்தெடுக்கப்படும் பனாட்டைத் துண்டுகளாக வெட்டி ஓலைப்பெட்டியில் இட்டு, அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபட வைத்துவிட்டால் அடுத்த ஆவணிவரை கெடாது. எஞ்சிய கொட்டையைப் பாத்தியிற் புதைத்தால் மாரிமழையில் முளைத்து, தை மாசியிற் கிழங்காகும், கிழங்கு ஒடியலாகும். ஒரு பழத்திலிருந்து இரண்டு பருவத்து உணவு. இது யாழ்ப்பாணத்துக்கே உரியதென எண்ணுவோர் திருக்கோணமலையின் வடகரையையும் தென்கரையையும் நோக்குதல் வேண்டும்.

காட்டின் சேமிப்பை அறிவதற்கு எமக்கு எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்துள்ளார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலிற் புயலால் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற கப்பல், அதனைச் சீர்செய்யும் பொருட்டுக் கொட்டியாரக்குடாவை அடைந்தது. 1660இல் அங்கே கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டவர்களுள் இளைஞரான றொபேட் நொக்ஸ் ஒருவர். ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருப்பின்பின் தப்பிச் சென்று 1681இல் அவர் வெளியிட்ட நூலில், வேடர் இறைச்சியைக் காக்கும் முறை ஒன்று கூறப்படுகின்றது. மரத்தைக் குடைந்து, தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துவிடுவர். பஞ்ச காலத்தில் திறந்து உண்பர். தேனின் செறிந்த இனிப்பு செய்யும் வேலையும் உப்பு செய்யும் வேலையும் ஒன்றே. நொக்ஸ் கூறுவது உள்நாட்டு வேடரைப் பற்றியே என்பது உண்மை. ஆயினும் மூதூருக்குத் தெற்கே வெருகல்வரை வாழும் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகம் ஒன்றைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விவரித்துள்ளனர். கடலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட இச்சமூகத்தின் உணவு வழக்குகள் தனியே ஆராயத்தக்கன. மற்றொன்றும் உண்டு: 1679இல் நொக்ஸும் நண்பரும் அரிப்புக் கோட்டையை நோக்கித் தப்பியோடுகையிற் பத்து நாளுக்குப் போதிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, பனைவெல்லத்தையொத்த கருப்பட்டி முதலியவற்றைச் சுமந்து சென்றனர். இந்நாட்டின் சேமிப்புக் கலையைக் கற்றிராவிடில் அந்நூல் எழுதப்பட்டே இராது.

துறையிற் கிடந்த கப்பல்களும் சேமித்த உணவிலேயே வாழ்ந்தன என்பதை இங்குக் குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. உப்பிட்ட மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றியிறைச்சி, கல்லொத்த விசுக்கோத்து என்பனவே அக்கால ஐரோப்பிய மாலுமியின் உணவு. அதனால் ஸ்கேவி நோய் வந்து பற்கள் கழன்று ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். எலுமிச்சை இனப் பழங்களாற் குணமாகும் என்பதை ஜேம்ஸ் லின்ட் 1747இலேயே செய்துகாட்டியிருந்தும், பிரித்தானியக் கடற்படை அதன் சாற்றைப் பொதுவாக வழங்க முடிவு செய்தது 1795இலே தான். அவ்வாண்டிலேயே அக்கடற்படையின் கொடி திருக்கோணமலையில் ஏறியது. கோட்டைக்குச் சில கல் தொலைவில் வளவுதோறும் தேசிமரம் நின்றது.

இத்தனையும் இருந்தும் நிலம் ஏன் தரிசு எனப்பட்டது? சேமிப்பு என்பது தன் இயல்பிலேயே மறைவானது. வயல் வழிப்போக்கனுக்குத் தெரியும், பட்டறை தெரியாது. பாத்தியிற் புதைந்த பனங்கொட்டையும், பரணிற் புகையும் பனாட்டும், மரப்பொந்தில் அடைத்த தேனிறைச்சியும் கணக்கெடுக்க வந்தவனுக்கு மறைக்கப்படவே செய்தன. வரி கொடுப்போர் யாரும் அவற்றைத் திறந்து காட்டார். மேலும் சேனைநிலம் ஓரிரு ஆண்டு பயிர் தந்து பல்லாண்டு காடாகக் கிடக்கும். குரக்கன், சோளம், எள்ளு, பயறு என்பன அங்கிருந்தே வந்தன. குரக்கனோ ஒழுங்காக உலர்த்தினால் ஆண்டுக்கணக்கிற் புழுப் பிடியாது. ஏழைக்கு அதுவே பட்டறை. ஆனால் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியதே எனக் கொண்டது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச்சட்டம் அதனை மேலும் இறுக்கியது. உறுதி வைத்திராத குடியானவன் தன் பாட்டன் வெட்டிய சேனையைத் தன்னதென்று எவ்வாறு நிறுவுவான்? பேர்சிவலின் நூலில் வருணனையாக இருந்த சொல் நாற்பதாண்டுகளுள் சட்டச் சொல்லாயிற்று. பேர்சிவலே அதற்குக் காரணர் என்பது எம் கருத்தன்று. இருவர் கண்ணும் ஒரே இடத்தில் நின்று பார்த்தது என்பதே.

அதற்காகப் பழைய வளவைப் பொன்னுலகாகக் காட்டுதலும் வரலாற்றுக்கு மாறாகும். 19ஆம் நூற்றாண்டில் இம்மாவட்டத்தின் குடித்தொகை மிகச் சிறிது. குளங்கள் பல உடைந்து கிடந்தன. கந்தளாய்க் குளம் திருத்தப்பட்டது அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே தான். மலேரியாவும் வரட்சியும் ஊர்களை முழுமையாகவே காலி செய்ததுண்டு. பட்டறைகள் எல்லா வீட்டிலும் ஒரே அளவின அல்ல. பெருநிலக்காரனின் பட்டறை மூன்று போகத்துக்குப் போதுமாயின், கூலிக்காரனுடையது தைக்கு முன்னரே அடிதெரியும். அவன் அங்கு கடன் கேட்டுச் செல்வான். மாசி அறுவடையில் வட்டியோடு அளந்து கொடுப்பான். சேமிப்பு பசியைத் தீர்த்தது போலவே ஆதிக்கத்தையும் வளர்த்தது. இயற்கையும் இரங்குவதில்லை: 1964 மார்கழிப் புயல் ஒரே இரவிற் கரையோர வீடுகளையும் அவற்றினுள் இருந்தவற்றையும் கொண்டுபோயிற்று.

துறையும் பட்டறையும் ஒன்றையொன்று நேருக்குநேர் கண்ட காலம் 1942 ஆகும். இரங்கூன் அவ்வாண்டு மார்ச்சில் வீழ்ந்தது. உண்ணும் அரிசியிற் பாதிக்கு மேற்பட்டதை இறக்குமதி செய்துவந்த இலங்கைக்குப் பர்மிய அரிசி நின்றது; பங்கீடு வந்தது. ஏப்ரில் குண்டுவீச்சின் பின்னர் நகர மக்கள் பலர் உட்கிராமங்களுக்கு ஓடினர். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் புகழப்பட்ட இடத்தில் எண்ணெய்க் குதங்கள் நிறைந்திருந்தன. ஆனால் சோறு வந்தது வயலூரிலிருந்து. அரசு குரக்கனையும் மரவள்ளியையும் பயிரிடுமாறு வற்புறுத்தியது. நூறாண்டாகத் தரிசின் பயிர் என ஒதுக்கப்பட்டவை அவை.

போரின் பின் நிலைமை விரைந்து மாறியது. 1948இல் உத்தரவாத விலைத் திட்டமும், 1971இல் நெற் சந்தைப்படுத்தும் சபையும் வந்தன. நெல் களத்திலிருந்தே சாக்கில் ஏறிப் போகலாயிற்று. உழவு இயந்திரம் சூடு மிதித்தது, ஆலை புழுக்கியது. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள் வயலைப் பெருக்கின. கூடவே மாவட்டத்தின் குடிப்பரம்பலையும் மாற்றின. பட்டறை தேவையற்றுப்போனதை முன்னேற்றமெனக் கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. புழுக்கும் பெண்ணின் முதுகுக்கு அது ஓய்வு. எனினும் அம்மாற்றம் இயல்பாக முடியுமுன்னரே வேறொன்று வந்து குறுக்கிட்டது. 1984 இறுதியில் தென்னமரவடியும், 1985இல் திரியாயும், 1990இல் மேலும் பல ஊர்களும் இடம்பெயர்ந்தன. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையை அடித்தது. 2006 ஏப்ரிலில் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதே ஆண்டு யூலையில் மாவிலாற்று மடை மூடப்பட்டது. சிறுபோகம் கதிர் முற்றும் தறுவாயில் நீர் நின்றது; அந்நீரை நம்பியிருந்தவர்கள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாவர். ஆவணியில் அரிவாள் எடுக்க வேண்டிய மூதூர் மக்கள் அம்மாதத் தொடக்கத்திலேயே எறிகணைகளிடையே கந்தளாயை நோக்கி நடந்தனர். அண்மைக்காலத்தின் கொடிய போர்க்கட்டம் ஒன்று, நெல்லுக்குரிய நீரை மறித்ததில் தொடங்கிற்று என்பதை வருங்கால வரலாற்றாசிரியர் துறைமுகக் கண்கொண்டு நோக்கினால் விளங்கிக்கொள்ளமாட்டார்.

இடம்பெயர்வோர் உறுதியைப் பொட்டலத்தில் எடுத்துச் செல்லலாம். பட்டறையை எடுத்துச் செல்லல் இயலாது. பரணிலிருந்ததும் பாத்தியிலிருந்ததும் அங்கேயே கிடந்தன. முகாமில் உலருணவு பங்கிடப்பட்டது. பெயரளவில் அதுவும் உலர்ந்த உணவே. பத்தாண்டு முகாமில் வளர்ந்த பிள்ளை பனாட்டுப் பாயைக் கண்டதில்லை.

சம்பூர் மக்கள் 2015 தொடக்கம் படிப்படியாக மீளத் திரும்பினர். வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரமே எஞ்சியிருந்தது. கிணற்றைத் தூர்வாரலாம், நெல்லை அந்த ஆண்டிலேயே விதைக்கலாம், கருவாட்டை அந்தக் கச்சானிலேயே காயவைக்கலாம். பனையோ வித்திட்டுப் பழம் காணப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு கொள்ளும். 2016 மாரியில் அங்கு ஒருவர் ஊன்றிய கொட்டை பழுத்து விழுவது 2028க்கும் 2036க்கும் இடைப்பட்ட ஓர் ஆவணியிலாகும்.